அராவிய பரப்பு ஏன் நடுவில் உப்புகிறது? – தொழிற்பயிற்சி கேள்வி பதில்

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறான். அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஃபிட்டர் இரண்டுமே கிடைக்கும் போலிருக்கிறது. வெல்டர் என்றால் ஓராண்டிலேயே சம்பாதிக்கத் தொடங்கிவிடுவான். எதில் சேர்க்கலாம்?
– ஒரு தந்தை, தர்மபுரி

வெல்டர் ஓராண்டுப் படிப்பு. அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஃபிட்டர் 2 ஆண்டு. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வீட்டு நிலைமை மிகவும் நெருக்கவில்லை என்றால், பத்தாம் வகுப்பு தேறிய பையனை 2 ஆண்டுப் பிரிவில் சேர்க்கத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்போடு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டுப் பிரிவை மட்டும் முடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஃபிட்டர் படிப்பில் அளவெடுப்பது, குறியிடுவது, துளையிடுவது, பொருத்துவது எல்லாம் கைக்கு வந்துவிடும். பின்னால் வெல்டிங் கற்றுக்கொள்ள அது பெரிய அடித்தளம்.

ஆனால் பையனுக்கு வெல்டிங்கில்தான் மனம் என்றால் தடுக்காதீர்கள். நல்ல வெல்டருக்கு வேலை எப்போதும் இருக்கிறது.

எந்தப் பிரிவானாலும், சேர்ப்பதற்கு முன் பட்டறையை நேரில் பாருங்கள். 2022இல் திருத்திய பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம் பயிற்சி. முதல் ஆண்டில் 840 மணி செய்முறை, 240 மணி தொழில் பாடம், 120 மணி வேலைவாய்ப்புத் திறன். அது போக 150 மணி நேரம் தொழிற்சாலையிலோ குழுத் திட்டப் பணியிலோ கழியும். செய்முறைத் தேர்வில் தேற 60 விழுக்காடு வேண்டும். மற்ற தாள்களுக்கு 33 போதும். ஆக, உங்கள் மகன் தேறுவதும் தேறாததும் பட்டறையில்தான் முடிவாகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் வேலைத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் தனி வைஸ் இருக்கிறதா, வெல்டிங் அறைகளில் புகை வெளியேற வழி இருக்கிறதா, மாதத்துக்கு எத்தனை வெல்டிங் ராடு தருகிறார்கள், அந்தப் பிரிவுக்கென்று பயிற்றுநர் பணியில் இருக்கிறாரா? இந்த நான்கையும் கேளுங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த வேலைத் துண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்த பழைய மாதிரியை மட்டும் எடுத்துக் காட்டினால் வேறு நிலையத்தையும் போய்ப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஃபிட்டர் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எவ்வளவு கவனமாக அராவினாலும், நேரும் செங்கோணமும் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிகிறது. பொருத்தும் வேலையில் 0.04 மி.மீ.க்குள் வரச் சொல்கிறார்கள். எனக்கு 0.1கூட வரவில்லை. என்ன தவறு?
– மாணவர், விருதுநகர்

ஓரங்களில் வெளிச்சம் தெரிகிறது என்றால் பரப்பு நடுவில் உப்பியிருக்கிறது. அரம் கையில் ஊஞ்சல் ஆடுவதுதான் காரணம். அரத்தின் முனை வேலைத் துண்டின் மேல் இருக்கும்போது முன்பக்கம் குட்டை, கைப்பிடிப் பக்கம் நீளம். தள்ளத் தள்ள இது மாறிக்கொண்டே போய், கடைசியில் முன்பக்கம் நீளமாகிவிடும். இரண்டு கையிலும் கடைசிவரை ஒரே அழுத்தம் கொடுத்தால் தொடக்கத்தில் கைப்பிடி கீழே இறங்கும், முடிவில் முனை இறங்கும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றுவிடும்.

எனவே தொடக்கத்தில் இடது கை அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டும் சமம், முடிவில் வலது கை அதிகம். திரும்பி இழுக்கும்போது அழுத்தமே கூடாது; அப்போது அழுத்தினால் பல் மழுங்கும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தள்ளு போதும். வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தாடை உயரமாக இருந்தால் தோள் தூக்கி அரம் ஆடும். குள்ளமான மாணவர் கீழே பலகை போட்டு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேடு எங்கே என்று கண்டுபிடிக்கக் குறுக்காக அராவுங்கள். ஒரு முறை 45 டிகிரி சாய்வில் இடமிருந்து வலம், அடுத்த முறை வலமிருந்து இடம். பழைய கோடுகளைப் புதிய கோடு எங்கே அழிக்கிறதோ அதுதான் மேடு. அங்கே மட்டும் எடுங்கள். கடைசிக் கட்டத்தில் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகச் சமமாக்கிய பலகை) புருஷியன் புளூ என்ற நீலச் சாயத்தை மிக மெல்லியதாகத் தடவி, துண்டை மெதுவாக நகர்த்தினால் நீலம் ஒட்டிய இடம் மேடு. நீலத்தை அப்பினால் பள்ளத்திலும் ஒட்டி ஏமாற்றும்.

அரத்தையும் பாருங்கள். பற்களுக்கிடையில் துகள் அடைத்திருந்தால் ஆழமான கீறல் விழும். அந்தக் கீறலை எடுக்கப் போய்த்தான் பலருக்கு அளவு குறைந்துவிடுகிறது. கம்பி பிரஷ்ஷால் பல்லின் சாய்வை ஒட்டித் தேய்த்துவிட்டு, சாக்பீஸ் பூசுங்கள், துகள் ஒட்டாது. புது அரத்தை எடுத்த எடுப்பில் வார்ப்பிரும்பின் கடினத் தோலில் வைக்காதீர்கள். முதலில் பித்தளை போன்ற மென்மையான உலோகத்தில் பழக்கிவிட்டு இரும்புக்கு வாருங்கள். சுமார் 1 மி.மீ. எடுக்க வேண்டியிருந்தால் கரடான பாஸ்டர்ட் அரம், 0.2 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நடுத்தரமான செகண்ட் கட், கடைசி 0.05 மி.மீ.க்கு நுண்ணிய ஸ்மூத்.

பொருத்தும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் ஒரு நீள ஓரத்தை மட்டும் துல்லியமாக நேராக்கி, அதையே ஆதார ஓரமாக வைத்து மற்ற எல்லா அளவையும் அதிலிருந்தே எடுங்கள். உள்ளே நுழையும் ஆண் துண்டை முதலில் முடியுங்கள். அதன் அளவு வெளிப்புறம் இருப்பதால் மைக்ரோமீட்டரால் நேராகப் பார்க்க முடியும். பிறகு அந்தத் துண்டையே அளவுகோலாக வைத்து, அதை ஏற்கும் பெண் துண்டைத் திறக்கலாம். தலைகீழாகச் செய்பவர்கள் உள் அளவை வெர்னியரின் கூர்முனையால் எடுத்து, அங்கேயே 0.05 மி.மீ. தவறிவிடுகிறார்கள். உள் மூலைகளில் 3 மி.மீ. துளையோ ரம்ப வெட்டோ போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அரத்தின் ஓரம் மூலைக்குள் போகாமல் அங்கே சிறு வளைவு நின்று, துண்டு முழுதாக உட்காராது.

இன்னொன்று: அராவி முடித்த கையோடு அளக்காதீர்கள். 100 மி.மீ. நீள எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும். 0.04க்குள் ஓடும் வேலையில் அது கால்வாசிக்கு மேல். பிசிறையும் எடுத்துவிட்டு அளவெடுங்கள். ஸ்கொயருக்கு அடியில் ஒரு பிசிறு நின்றால் சரியான பரப்பும் கோணலாகத் தெரியும்.

கேள்வி: வெல்டர் மாணவன். 6013 ரக ராடில் நன்றாக வருகிறது. 7018 ரகம் போட்டால் வெல்டிங் தையலின் தொடக்கத்தில் எப்போதும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. 10 மி.மீ. பிளேட்டில் செங்குத்தாகப் போட்ட தையல் வளைவுச் சோதனையில் அடிப்பக்கம் பிளந்துவிட்டது.
– ராணிப்பேட்டை

இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

ஓட்டைகளுக்கு முதல் சந்தேகம் ஈரம். 7018 குறைந்த ஹைட்ரஜன் ராடு. அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாக உலோகத்துக்குள் போகிறது. இது ஓட்டையோடு நிற்காது. தடித்த பிளேட்டிலோ கடின எஃகிலோ, வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் ஓவனில் சுட வேண்டும். பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரமாவது என்று போட்டிருப்பார்கள். பிறகு 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் சிறு ஓவனில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்துங்கள். வெயிலில் காய வைப்பதும், பிளேட்டில் ஷார்ட் செய்து சூடாக்குவதும் பயன்படாது.

ஆனால் இதையே எல்லா ராடுக்கும் செய்துவிடக் கூடாது. 6010 போன்ற செல்லுலோஸ் ராடுகளுக்குப் பூச்சிலுள்ள ஈரம் தேவை. அதைச் சுட்டால் ஆர்க்கின் வேகமே போய்விடும். 6013க்கும் 350 டிகிரி கிடையாது. நனைந்திருந்தால் 100 டிகிரி அளவில் உலர்த்தினால் போதும். ‘ராடைச் சுடு’ என்று மட்டும் கற்றவர் இங்கேதான் தவறுகிறார்.

உங்கள் ஓட்டை தொடக்கத்தில் மட்டும் வருவதால் பற்றவைக்கும் முறையிலும் கோளாறு இருக்கிறது. ராடைத் தட்டியவுடன் ஆர்க் நீண்டிருக்கும். காப்புப் புகை இன்னும் உருவாகியிருக்காது. அந்த நொடியில் காற்று உள்ளே போகிறது. தையல் தொடங்க வேண்டிய புள்ளிக்கு 10 மி.மீ. முன்னால், போகும் திசையிலேயே பற்றவையுங்கள். உடனே பின்னால் வந்து, தொடக்கப் புள்ளியில் குட்டை ஆர்க்கைப் பிடித்து முன்னேறுங்கள். பற்றவைத்த இடத்தின் மேலே தையல் உருகி ஓடும்போது அந்த ஓட்டை அழிந்துவிடும். ஆர்க் நீளம் ராடின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. 6013 பழகிய கைக்கு நீள ஆர்க்கே வரும்; இதில் வேண்டுமென்றே நெருங்கிப் போக வேண்டும். மெஷின் டி.சி.யாக இருந்தால் ராடைப் பாசிட்டிவில் போடுங்கள்.

அடிப்பக்கம் பிளந்ததற்குக் காரணம் ஊடுருவல் குறைவு அல்லது ரூட் ரன்னில் (அடியில் முதலில் போடும் தையல்) மாட்டிய ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு). பிளேட்டுகளின் ஓரத்தை 30 டிகிரி சாய்வாக வெட்டி, இரண்டும் சேர்ந்து 60 டிகிரி வரட்டும். அடியில் சாய்க்காமல் விடும் விளிம்பு (ரூட் ஃபேஸ்) 1.5 மி.மீ., இரு பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி (ரூட் கேப்) 2.5 முதல் 3 மி.மீ. இடைவெளி 1.5 ஆகிவிட்டால் என்ன ஆம்பியர் ஏற்றினாலும் பின்பக்கம் உருகாது. பிளேட்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு தையல் (டேக்) போட்டதும் பிளேட் சுருங்கி இடைவெளி மூடிக்கொள்ளும். அதனால் முடியும் முனையில் அரை மில்லி கூடுதலாக விட்டுவைப்பது வழக்கம். ரூட்டுக்கு 2.5 மி.மீ. ராடு. போகும்போது உருகிய உலோகக் குட்டைக்கு முன்னால் சாவித் துளை போல ஒரு சிறு திறப்பு தெரிய வேண்டும். அது மூடிவிட்டால் ஊடுருவல் நின்றுவிட்டது; பெரிதாகிவிட்டால் பின்னால் ஒழுகப் போகிறது.

ரூட் ரன் உப்பலாக வந்தால் இரு ஓரத்திலும் கூர்மையான பள்ளம் உண்டாகும். அதில் நிற்கும் ஸ்லாக் அடுத்த ரன்னில் உருகி வெளியே வராது. கிரைண்டரால் உப்பலைச் சமமாக்கி, ஓரத்தைத் திறந்துவிட்டுப் பிறகே அடுத்த ரன். ஓரத்தில் 25 மி.மீ. அகலத்துக்குத் துரு, பெயிண்ட், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. வளைத்த பின் 3 மி.மீ.க்கு மேல் திறந்த குறை எதுவும் தெரிந்தால் தோல்வி. பிளந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். உடைந்த பரப்பில் வழவழப்பான நேர்க்கோடு தெரிந்தால் ஊடுருவல் குறைவு, கரிய கண்ணாடித் துணுக்கு தெரிந்தால் ஸ்லாக். அதைப் பார்த்துவிட்டு அடுத்த பிளேட்டைத் தொடங்குங்கள்.

கேள்வி: என் பட்டறையில் ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து 38 பேர். அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். முன்பு எடுத்த பையன்கள் மரை வெட்டும் டேப்பை உடைத்ததும் மெஷின் துடைத்ததும்தான் மிச்சம். உருப்படியாகப் பழக்க என்ன செய்வது?
– சிறுதொழில் உரிமையாளர், கோவை

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்துக்கான விதிகள் 2019இல் திருத்தப்பட்டன. அதன்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் கணக்கில் சேர்வார்கள். மத்திய அரசின் பழகுநர் பயிற்சித் தளத்தில் பதிந்து, ஒப்பந்தத்தையும் அதிலேயே போட வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு அந்தத் திருத்தம் குறித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடு கூடும். ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பிலுள்ள தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழகுநர் சட்டப்படி பயிற்சி பெறுபவர். ஆனால் பாதுகாப்பு, காய இழப்பீடு ஆகியவற்றில் தொழிலாளிக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு. மெஷின் துடைப்பது எல்லோரும் செய்யும் வேலை, அதில் தவறில்லை. அது மட்டுமே வேலையானால் அது பயிற்சி அல்ல.

இனி டேப் விஷயம். மூத்த தொழிலாளி ‘இப்படிச் செய்’ என்று ஒருமுறை காட்டிவிட்டுப் போகிறார். அவர் கைக்குத் தெரிந்ததில் பாதி அவர் வாய்க்கு வருவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புதியவர்களைச் சீக்கிரம் பழக்க அமெரிக்காவில் ஒரு முறை வகுக்கப்பட்டது. போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. அந்த வழியில் இன்று வேலையை ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரிக்கிறார்கள்: என்ன செய்கிறோம், எதில் கவனம், ஏன். நம் பட்டறைகளில் இரண்டாவது பத்தி அரைகுறையாக இருக்கும், மூன்றாவது இருக்கவே இருக்காது.

எம் 10, 1.5 பிட்ச் (விட்டம் 10 மி.மீ., மரைகளுக்கிடையே 1.5 மி.மீ.) மரைக்கு அந்தத் தாள் இப்படி வரும். துளை 8.5 மி.மீ. ‘இறுக்கமாக வரட்டும்’ என்று 8 மி.மீ. போடக் கூடாது, மரையின் வலு அதனால் பெரிதாகக் கூடுவதில்லை, டேப்பின் மேல் விழும் முறுக்குதான் பல மடங்காகிறது. துளையின் வாயைச் சாய்த்துவிட வேண்டும். முதல் மரை கிழியாமல் டேப் நேராக ஏறும். டேப்பை இரண்டு சுற்று விட்டதும் நிறுத்தி, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசையிலும் ஸ்கொயர் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போய்விட்டால் நிமிர்த்த முடியாது, நிமிர்த்த முயன்றால் உடையும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போதுதான் சுருள் துண்டாகி விழும். ரெஞ்சை இரு கையாலும் சமமாகப் பிடிக்க வேண்டும். எஃகுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம். அடி மூடிய துளையானால் மரை ஆழத்தைவிடக் கூடுதலாகத் துளையிட்டு, முதல், இரண்டாம், மூன்றாம் டேப்பை வரிசையாக விட்டு, இடையிடையே துகளை வெளியேற்ற வேண்டும். அடியில் சேர்ந்த துகளில் டேப் முட்டுவதைப் பையன் ‘இன்னும் இறுக்க வேண்டும்’ என்று எடுத்துக்கொள்கிறான். உங்கள் டேப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் உடைந்திருக்கும்.

தாள் தயாரானதும் நான்கு படி. முதலில், அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு செய்து காட்டுவது: ஒருமுறை வெறுமனே, மறுமுறை கவனிக்க வேண்டியதைச் சொல்லி, மூன்றாம் முறை காரணத்தோடு. அதன் பின் அவன் செய்ய வேண்டும். செய்துகொண்டே ஏன் என்பதை அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் கற்கவில்லை, மீண்டும் காட்டுங்கள். கடைசியாகத் தனியே விட்டு, முதல் நாள் அடிக்கடியும் போகப் போகக் குறைவாகவும் பார்ப்பது. மரை வெட்டுவதில் தொடங்கி உங்கள் பட்டறையில் அடிக்கடி வரும் 15 வேலைகளுக்கு இப்படித் தாள் எழுதுங்கள். எழுத வேண்டியது உங்கள் மூத்த தொழிலாளி. அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். அவர் ஓய்வு பெறும்போது அவர் அறிவும் கூடவே போய்விடாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 12 ஆண்டுகளாக வீட்டு ஒயரிங் செய்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. வழி உண்டா?
– திண்டுக்கல்

உண்டு. தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. 21 வயது நிறைந்து, ஒயரிங்கில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருந்தால் எழுதலாம். அனுபவச் சான்றைத் தகுதியுள்ள மின் ஒப்பந்ததாரரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தை உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.

உங்களுக்குக் கை வேலையில் பயமில்லை, கேள்விகளில்தான் தடுமாறுவீர்கள். மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, மின்சாரம் அளவை மீறினால் தானே விழும் எம்.சி.பி. காப்பது கம்பியை. 2.5 ச.மி.மீ. செம்புக் கம்பிக்கு 20 ஆம்பியர் போட்டிருந்தது அடிக்கடி விழுகிறது என்று 32 ஆக மாற்றினால், கம்பி சூடேறி அதன் உறை இளகினாலும் அது விழாமல் இருக்கலாம். இரண்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவை மட்டுமே பார்க்கும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று ஒப்பிடும். அதிக சுமைக்கு அது விழாது, எம்.சி.பி. தனியாக வேண்டும். புது வீட்டில் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தால், இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் எங்கோ ஒரு பெட்டியில் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று, கம்பியின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர். மெயினை நிறுத்தி, பல்புகளையும் மின்னணுக் கருவிகளையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் கம்பிகளுக்கிடையிலும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலும் சோதிக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் இணைப்புக் கொடுக்கக் கூடாது. கழற்ற மறந்தால் எல்.இ.டி. விளக்குகளின் சர்க்யூட் பழுதாகும், அளவும் பொய்யாக வரும்.

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். மெஷினிஸ்ட் படிக்க ஆசை. வயது தடையா?
– வாசகி, ஓசூர்

தடையில்லை. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, ஆண்களுக்கு 40. மெஷினிஸ்ட் 2 ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றிலும் இயந்திரப் பட்டறைகள் இருப்பதால் வெளியூர் போக வேண்டியதில்லை. கணினி இயக்கும் இயந்திரங்களில் செய்யும் சி.என்.சி. வேலைக்கு உடல் பலத்தைவிட வரைபடம் வாசிப்பதும் அளவெடுப்பதும்தான் முக்கியம். பள்ளிக் கணிதத்தில் கோணவியலையும் தசமத்தையும் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெஷின் அருகே முடியை இறுக்கிக் கட்டி, துப்பட்டாவும் வளையலும் மோதிரமும் இல்லாமல் நிற்க வேண்டும். சுழலும் தண்டில் துணி சிக்கினால் கையால் இழுத்து விடுவிக்க முடியாது.

கேள்வி: என்.டி.சி., என்.ஏ.சி. என்ன வேறுபாடு? இரண்டும் வேண்டுமா?
– ஆவடி

முதலாவது தேசியத் தொழில் சான்றிதழ், ஐ.டி.ஐ. படித்து அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் கிடைப்பது. இரண்டாவது தேசியப் பழகுநர் சான்றிதழ், நிறுவனத்தில் பழகுநர் பயிற்சியை முடித்து அதற்கான தேர்வில் தேறினால் கிடைப்பது. வேலை அறிவிப்புகள் சில முதலாவதை மட்டும் கேட்கும், சில இரண்டையும் கேட்கும். வயது குறைவாக இருக்கும்போதே இரண்டையும் முடித்துவிடுங்கள். சான்றிதழிலுள்ள பெயர், பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா என்று, கைக்கு வந்த அன்றே சரிபாருங்கள். தவறிருந்தால் நிலையத்தில் உடனே எழுதிக் கொடுங்கள். வேலை கிடைத்து ஆவணம் சரிபார்க்கும் நாளில் திருத்த நேரம் இருக்காது.